தெர்மோவெல் ஏன் முறிகிறது? கேள்வி பதில்

குழாய்க்குள் நீட்டிக்கொண்டு நின்று வெப்பநிலை உணரியைக் காக்கும் உலோக உறைதான் தெர்மோவெல். அதன் அதிர்வைக் கணக்கிடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

நீராவி நேராகத்தானே பாய்கிறது, உறை ஏன் ஆட வேண்டும்?

பாய்வு உறையைத் தாண்டும்போது அதன் பின்புறம் இடமும் வலமும் மாறி மாறிச் சுழல்கள் கழன்று போகின்றன. ஒவ்வொரு சுழலும் உறையைப் பக்கவாட்டில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போகும். இந்த இழுப்பின் அதிர்வெண் ஸ்ட்ரௌகல் எண் (பொருளின் வடிவத்தைப் பொறுத்த ஒரு மாறிலி), பாய்வு வேகம் இரண்டையும் பெருக்கி, விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும். உருளைக்கு ஸ்ட்ரௌகல் எண்ணை 0.22 என்று வைத்துக்கொள்ளலாம். அது உறையின் இயல் அதிர்வெண்ணை, அதாவது தட்டிவிட்டால் உறை தானாக ஆடும் அதிர்வெண்ணை, நெருங்கினால் ஒத்ததிர்வு; ஆட்டம் பெரிதாகி, திரும்பத் திரும்ப வளைந்து உலோகம் சோர்ந்து முறியும்.

என்னுடையது 20 மிமீ விட்டம், 200 மிமீ நீளம். நீராவி வேகம் நொடிக்கு 30 மீட்டர். கணினி மென்பொருள் இல்லாமல் சொல்ல முடியுமா?

தாராளமாக. எஃகு உருளையின் ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டிருந்தால், இயல் அதிர்வெண் தோராயமாக 700 × விட்டம் ÷ நீளத்தின் வர்க்கம் (அளவுகள் மீட்டரில்). உங்களுக்கு 350 ஹெர்ட்ஸ் வருகிறது. சுழல் அதிர்வெண் 0.22 × 30 ÷ 0.02, அதாவது 330. இரண்டின் விகிதம் 0.94. தெர்மோவெல்களுக்கான அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தரநிலை (ஏஎஸ்எம்இ பிடிசி 19.3 டிடபிள்யூ) பக்கவாட்டு ஆட்டத்துக்கு வைக்கும் மேல்வரம்பு 0.8. இந்த உறையைக் குழாயில் மாட்டாதீர்கள். உறையைக் குழாயோடு பிணைக்கும் விளிம்புத் தட்டின் (flange) நெகிழ்வும் உள்ளே செருகும் உணரியின் எடையும் 350-ஐ இன்னும் கீழே இழுக்கும் என்பது வேறு.

அப்படியென்றால் நீளத்தை 150 மிமீ ஆக்கிவிட்டேன். விகிதம் 0.53. இனிப் பிரச்சினை இல்லைதானே?

இருக்கிறது, அதுவும் பலர் தவறவிடும் இடத்தில். சுழல்கள் உறையைப் பாய்வின் திசையிலும் தள்ளி இழுக்கின்றன. இடது சுழலுக்கு ஒரு தள்ளல், வலது சுழலுக்கு ஒரு தள்ளல் என்று கணக்கு இரட்டிக்கிறது: 660 ஹெர்ட்ஸ். உங்கள் புதிய இயல் அதிர்வெண் 622. பக்கவாட்டு ஆட்டத்திலிருந்து தப்பித்து, பாய்வுத்திசை ஒத்ததிர்வின் மடியில் நேராகப் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்!

1995 டிசம்பர் 8 அன்று ஜப்பானின் மோஞ்சு அதிவேக ஈனுலையில் (ஒரு வகை அணு உலை) நடந்தது இதுதான். இரண்டாம் குளிர்விப்புச் சுற்றில் திரவச் சோடியம் ஓடும் குழாயிலிருந்த தெர்மோவெல் பாய்வுத்திசை அதிர்வால் சோர்ந்து முறிந்தது. அந்த வழியே சோடியம் கசிந்து தீப்பற்றியது. முறிந்தது எங்கே என்று பாருங்கள்: விட்டம் திடீரெனக் குறையும் படியில், கூரான மூலையில். தகைவு (உலோகத்தினுள் எழும் அழுத்தம்) குவிவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அப்போது புழக்கத்திலிருந்த 1974-ஆம் ஆண்டுத் தரநிலை பக்கவாட்டு ஒத்ததிர்வை மட்டுமே பார்த்தது. 2010-இல் வந்த புதிய தரநிலைதான் பாய்வுத்திசையையும் கணக்கில் கொண்டுவந்து 0.4 என்ற வரம்பைச் சேர்த்தது.

அந்த 0.4 எல்லோருக்கும் பொருந்தாது. ஆட்டம் எவ்வளவு எளிதாக அடங்கும் என்பதைக் காட்டும் ஸ்க்ரூட்டன் எண் 2.5-ஐத் தாண்டினால், சில பாய்வு நிலைமைகளில் பாய்வுத்திசை ஆட்டம் தணிப்பாலேயே (ஆட்டத்தின் ஆற்றலை உறை விழுங்குவதாலேயே) அடங்கிவிடும் என்று தரநிலை ஏற்கிறது. அந்த எண்ணை முக்கியமாக முடிவு செய்வது பாய்மத்தின் அடர்த்தியும் உறையின் தணிப்பும். உங்கள் நீராவியின் அடர்த்தி கனமீட்டருக்கு 20 கிலோ, துளை 7 மிமீ, தணிப்பு விகிதம் 0.0005 என்று கொண்டால் சுமார் 1.7 வருகிறது, போதாது. நீளத்தை 125 மிமீ ஆக்கினால் இயல் அதிர்வெண் 896, விகிதம் 0.37. அதன் பிறகு அடிப்பகுதித் தகைவையும் ஒருமுறை சரிபாருங்கள்.

உறைக்கும் குழாய்வாய்க்கும் இடையே வளையம் பொருத்தித் தாங்கினால் என்ன?

வேண்டாம். மயிரிழை இடைவெளி இருந்தாலும் அது தாங்காது, தட்டத்தான் செய்யும். தரநிலையும் இதைப் பரிந்துரைப்பதில்லை.

ஆய்வுக்காகப் பாய்வையும் உறையையும் சேர்த்துக் கணினியில் மாதிரியாக்குகிறேன். பாய்வின் விசையை உறைக்குக் கொடுத்து, உறையின் அசைவைப் பாய்வுக்குத் திருப்பித் தராத ஒருவழி இணைப்பு போதுமா?

ஒத்ததிர்விலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறீர்கள் என்றால் போதும். அருகில் இருந்தால் போதாது. ஆட்டம் பெரிதாகும்போது சுழல்கள் தம் அதிர்வெண்ணை விட்டு உறையின் அதிர்வெண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அசையாத உறையின் மேல் பாய்வைத் தீர்த்து, அந்த விசையைப் பிறகு உறைக்குக் கொடுத்தால் இந்த ஒட்டல் மாதிரியில் தோன்றவே தோன்றாது. இருவழி இணைப்புதான் வழி. முப்பரிமாணத்தில் செய்யுங்கள், இருபரிமாண மாதிரியில் சுழல்கள் உறையின் முழு நீளத்துக்கும் ஒரே தாளத்தில் கழன்று விசையை மிகையாகக் காட்டும். கொந்தளிப்பைச் சராசரியாக்கிவிடும் மாதிரிகளைவிட, பெரிய சுழல்களை நேராகவே கணக்கிடும் பெருஞ்சுழல் உருவகம் நம்பகமானது. கணினி நேரத்தைத் தின்னும், பொறுத்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் செய்து தணிப்பு விகிதத்தை ஊகித்துப் போட்டால், வண்ணப் படங்கள்தான் மிஞ்சும். முடிந்தால் உறையைத் தட்டிப் பார்த்து அதிர்வெண்ணையும் தணிப்பையும் அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.

நீளம் குறைந்தால் அளவீடு பிழைபடாதா?

படலாம். நுனியின் வெப்பம் உறை வழியே, அதைவிடக் குளிர்ந்த குழாய்ச் சுவருக்குக் கடத்தப்படும். குழாய்க்கும் உறையின் வெளிப்பகுதிக்கும் நல்ல வெப்பக்காப்பு போடுங்கள். பிழை பெருமளவு குறையும். நுனி குழாயின் நட்டநடுவில் நின்றே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விட்டுவிடலாம். கொந்தளித்து ஓடும் நீராவியில் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கைத் தாண்டிவிட்டால், வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.