கோத்தகிரி கேரட் விதை பாதிகூட முளைக்கவில்லை

நீங்களே எடுத்த கேரட் விதையில் பாதிகூட முளைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். முற்றாத விதை கலந்ததுதான் காரணமாக இருக்கும். உங்கள் குழுவில் எல்லோரும் விதைக்காகச் செடியை ஒரே நாளில் அடியோடு அறுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கேரட்டில் பூக்குடைகள் (குடை போல விரிந்த பூங்கொத்துகள், விதை பிடிப்பது இவற்றில்தான்) ஒன்றாக முற்றுவதில்லை. உச்சிக்குடை முதலில், அடுத்து கிளைக்குடைகள். அதற்கும் கீழே கிளைத்தவை அப்போதும் பச்சையாகவே நிற்கும். முளைப்பைக் கெடுப்பது அவைதான். அடுத்த போகத்தில் பழுப்பேறி ஓரம் உள்ளே சுருண்ட குடைகளை மட்டும் கத்தரியுங்கள். இரண்டு மூன்று தடவை தோட்டத்துக்குள் இறங்க வேண்டிவரும், கூலி கூடும்தான்.

இப்போது இருப்பதை முறத்தில் புடைத்துக் கனமானது, லேசானது என்று பிரியுங்கள். இரண்டிலும் 100 விதை எண்ணி, ஈரத்தாளில் சுருட்டி, 14 நாள் விட்டுப் பாருங்கள். சான்று விதைக்கு (அரசு சோதித்துச் சான்றளிக்கும் விதை) குறைந்தது 60 சதவீத முளைப்பு வேண்டும். கனமானது தேறினால் அதை மட்டும் வையுங்கள்.

கனமானதும் தேறவில்லையா? அப்படியானால் மூடுபனி நாளில் குவித்துவைத்துப் புழுங்கியிருக்கலாம். சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும் ஒரு சந்தேகம்: அது குத்திய விதை வெளியே நன்றாகவே தெரியும், உள்ளே கரு இருக்காது. நகத்தால் பிளந்து பாருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: தாய்க்கிழங்கு (விதை எடுக்க நட்ட கேரட்) கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமா? ஆமென்றால் எவ்வளவு முளைத்தாலும் அடுத்தவருக்கு விற்காதீர்கள், கிழங்கு ஒரே மாதிரி வராது.