புண், காயம், வடு: கேளுங்கள், சொல்கிறேன்

மன்னார்குடியிலிருந்து: ஐயா, புண்ணும் காயமும் ஒன்றுதானே?

இல்லை. அறுப்பில் அரிவாள் பட்டு விரல் கிழிந்தால் அது காயம். கவனிக்காமல் விட்டுச் சீழ் வைத்தால் புண். அடிபடாமலும் புண் வரும். நடவு நாளில் கால் விரலிடுக்கு ஊறி, வெளுத்து, நடந்தாலே எரியுமே, அது சேற்றுப்புண். சேற்றுக்காயம் என்று யாராவது சொல்கிறார்களா? மனசு 'புண்படுவதும்' அப்படித்தான், உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். பணம் போனால் மட்டும் இரண்டும் ஒட்டாது. 'குறுவையில பலத்த அடி' என்போம்.

திருவாரூர்: சேற்றுப்புண்ணுக்கு மருதாணி அரைத்துப் போடலாமா?

நான் தமிழ் வாத்தியார். சர்க்கரை இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கும்பகோணம்: 'தீயினால் சுட்டபுண்' குறளில் புண், வடு என்று மாறுவது ஓசைக்காகத்தானே?

ஆறிப்போவதால் தீ சுட்டது புண், ஆறாமல் கிடப்பதால் நா சுட்டது வடு என்கிறார் பரிமேலழகர். எனக்கு இன்னொன்றும் படுகிறது. வடு என்றாலே ஆறின தழும்பு. மேலே தோல் மூடிவிட்டது, பேச்சுவார்த்தைகூட நடக்கிறது, உள்ளே ஆறவில்லை.

திருத்துறைப்பூண்டி: வாய்ப்புண்ணுக்கு என்ன...

மருத்துவர். மருத்துவர்.

நீடாமங்கலம்: புறப்புண் என்றால் ஓடுகிறவன் முதுகில் பட்டது. பிறகு வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரனை ஏன் புகழ்கிறார்கள்?

உங்கள் பக்கத்துக் கோயில்வெண்ணிதான் அந்த வெண்ணிப் போர்க்களம். கரிகாலனோடு பொருத பெருஞ்சேரலாதன் ஓடவில்லை. புறநானூறு 65, 'முன்பு குறித்து எறிந்த' புறப்புண் என்கிறது. மார்பைக் குறிவைத்த வேல் முதுகு வழியே வந்துவிட்டது. மார்பில் பட்டால் விழுப்புண், பெருமை. முதுகில் தெரிந்தால், காரணம் எதுவானாலும், பழி. நாணி வடக்கிருந்தான், வாளோடு. வடக்கு நோக்கி உண்ணாமல் உட்கார்ந்து உயிர்விடுவது அது.

தஞ்சாவூர்: சோழநாட்டில் உட்கார்ந்துகொண்டு சேரனைத் தூக்கிப் பிடிப்பதா?

நான் தூக்கவில்லை ஐயா! வெண்ணிக் குயத்தியார், அந்த ஊர்ப் பெண், கரிகாலனைப் பார்த்தே கேட்கிறார்: 'நின்னினும் நல்லன் அன்றே?' 66ஆம் பாட்டு.

தஞ்சாவூர் மறுபடி: ஜெயித்தது யார்?

கரிகாலன். அந்தப் பாட்டும் அதை மறுக்கவில்லை. நல்லவன் யார் என்பதுதான் அவர் கேள்வி.

நீடாமங்கலம்: அப்படியானால் முதுகில் பட்ட எல்லாமே புறப்புண்தானா?

போர்க்களத்தில். மாடியிலிருந்து விழுந்தால் அடி.

பட்டுக்கோட்டை: வணக்கம் ஐயா. புண்ணும் காயமும் ஒன்றுதானே?

மேலே முதல் பதில்.