காப்பி ஆறிப்போனதற்கு ராத்திரி வரை அழுகை

அன்புள்ள ஆலோசகருக்கு,

சோமனூர் பக்கம் எங்களுக்கு எட்டுத் தறி, கூலிக்கு ஓட்டுகிறோம். எனக்கு வயது 41. பெரிய கஷ்டம் என்று எதுவும் இல்லைங்க. ஆனால் கரண்ட் போனாலும், தறிக்குப் பாவு நூல் வரத் தாமதமானாலும், பையன் டிபன் டப்பாவை மறந்தாலும் எரிந்து விழுகிறேன். காலையில் மாமியார் "காப்பி ஆறிப்போச்சு அம்மணி" என்றால் ராத்திரி வரை அதுவே மனதில் ஓடி அழுகை வருகிறது. மூன்று மாதமாக விடியக்காலம் நாலு மணிக்கே முழிப்பு. வீட்டுக்காரர், "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்கிறார். பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறதுங்க.

- ஒரு சகோதரி

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் எழுதியதில் பைத்தியத்துக்கான அடையாளம் எதுவும் இல்லைங்க. அதற்காக "இதுக்கெல்லாமா" என்று தள்ளிவிடவும் மாட்டேன்.

அமெரிக்காவில் எழுநூறு பேருக்கு மேல், எட்டு நாள் தினமும் போனில் அன்றைய தொல்லைகளையும் மனநிலையையும் கேட்டார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால், சில்லறைத் தொல்லைக்கே அதிகம் கலங்கியவர்களுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவை வரும் வாய்ப்பு கூடியிருந்தது. ஆய்வு வெளியானது 2013ல். வந்தே தீரும் என்று அர்த்தமில்லை.

இது தலைகீழாகவும் நடக்கும். மனச்சோர்வு ஏற்கெனவே தொடங்கியிருந்தால் ஆறின காப்பியும் மலையாகத் தெரியும். நாலு மணி முழிப்புதான் எனக்கு உறுத்துகிறது; மனச்சோர்வில் அடிக்கடி பார்ப்பது அது. அதனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். கோவை அரசு மருத்துவமனையிலும் அதற்கென்று பிரிவு உண்டு. தைராய்டு, ரத்தசோகை பரிசோதனையும் செய்துவிடுங்கள், அவையும் ஆளை இப்படிப் படுத்தும்.

அதுவரை ஒரு நோட்டு போடுங்கள். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு மனசு கலங்கியது, எத்தனை மணிக்கு அடங்கியது, அவ்வளவுதான். நூல் அறுவது எல்லாத் தறியிலும் உள்ளதுதானே. தறி எவ்வளவு நேரம் நின்றது என்றுதானே கணக்குப் பார்ப்பீர்கள்? நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள், வாயால் சொல்வதைவிடச் சுலபம்.

வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

அப்புறம், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் அம்மாவுக்கு ரெண்டு நாள் அவரே காப்பி போட்டுக் கொடுக்கட்டும்.