சார்லமேன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சார், சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பிராங்கு இன மன்னர் சார்லமேன் எழுதப் படிக்கத் தெரியாதவராமே?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. லத்தீன் சரளமாகப் பேசுவார், கிரேக்கம் கேட்டால் புரியும். கையெழுத்துதான் படியவில்லை. ஓய்வு கிடைத்தால் பழகலாம் என்று தலையணைக்கு அடியிலேயே எழுத்துப் பலகை வைத்திருந்தாராம். வயதான பிறகு தொடங்கியதால் தேறவில்லை என்கிறார் அவரது அவையிலிருந்த ஐன்ஹார்டு. வேடிக்கை என்னவென்றால், இன்று நாம் பார்க்கும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளின் வடிவம் அவர் ஆட்சியில் பரவிய கையெழுத்து முறையிலிருந்து வந்ததுதான்.

கேள்வி: போப் தன்னைப் பேரரசராக முடிசூட்டப்போவது அவருக்கே தெரியாதாமே, நம்பலாமா?

பதில்: நான் நம்பவில்லை. 799இல் போப் மூன்றாம் லியோவை ரோமில் எதிரிகள் தாக்கினார்கள். அவர் தப்பி, ஜெர்மனியின் பாடர்போர்னில் இருந்த சார்லமேனிடம்தான் ஓடினார். மறு ஆண்டு சார்லமேன் படையோடு ரோமுக்கு வந்தார். டிசம்பர் 23 அன்று, எதிரிகள் சாட்டிய குற்றங்களைத் தான் செய்யவில்லை என்று லியோ சத்தியம் செய்தார். 25 அன்று முடிசூட்டு. இரண்டே நாள் இடைவெளியில் நடந்ததை எதேச்சை என்பதா? தெரிந்திருந்தால் தேவாலயத்துக்குள் போயிருக்கவே மாட்டேன் என்று சார்லமேன் சொன்னதாக ஐன்ஹார்டு எழுதுகிறார். பட்டம் கசக்கவில்லை, போப்பின் கையால் வாங்கியதுதான் கசந்திருக்கும் என்பது என் கணிப்பு. 813இல் மகன் லூயிக்கு ஆகன் நகரில் முடிசூட்டியபோது போப்பை அழைக்கவே இல்லையே!

கேள்வி: 'ஐரோப்பாவின் தந்தை' என்கிறார்கள். சாக்சன்களைக் கொன்று குவித்தவர் அல்லவா?

பதில்: ஆமாம். சாக்சன்கள் வடஜெர்மனியில் வாழ்ந்த, அப்போது கிறிஸ்தவத்தை ஏற்காத இனத்தார். 782இல் வெர்டனில் ஒரே நாளில் 4,500 பேரின் தலையை வெட்டியதாக அவரது அரசவைக் குறிப்பே சொல்கிறது. ஞானஸ்நானம் பெற மறுத்தால் மரண தண்டனை என்று சட்டமும் போட்டார். அவருடைய அறிஞர் அல்குவினே இந்தக் கட்டாயத்தை ஏற்கவில்லை.

கேள்வி: யானை வளர்த்தாரா?

பதில்: வளர்த்தார். பாக்தாத் கலீபா ஹாரூன் அல் ரஷீத் அனுப்பியது, பெயர் அபுல் அப்பாஸ். 802இல் வந்து 810இல் செத்தது. வெள்ளை யானை என்பது பின்னாள் கதை.

கேள்வி: அவர் விட்டுப்போனதில் இன்று என்ன மிச்சம்? பேரரசுதான் 843இலேயே பேரன்கள் கையில் மூன்றாக உடைந்துவிட்டதே, அண்ணா?

பதில்: பேரரசை விடுங்கள், காசைப் பாருங்கள். ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 காசு என்பது அவர் காலத்தில் நிலைத்த கணக்கு. பிரிட்டன் அதை 1971 வரை விடவில்லை. ஒரு பவுண்டு மதிப்புள்ள ஆங்கிலேயத் தங்க நாணயம் கிட்டத்தட்ட 8 கிராம். நகைக்கடையில் நாம் கேட்கும் 'பவுன்' அதுதான்.