பழைய டீசல் பிக்கப்பை வீட்டில வைச்சு நாங்களே திருத்தி ஓடலாமோ, கராஜுக்கு விடுறதோ நல்லது?

ஓடலாம். நான் ஓடுறன். மாமாவிட்ட இருந்து வந்த பழைய ஹைலக்ஸ், பாரம் ஏத்தினா சூடேறுது, காலமையில ஸ்ராட் எடுக்க மினக்கெடுது, கராஜில சொல்லுற காசைக் கேட்டா வித்துப்போடலாம் போல கிடக்கு எண்டு எழுதியிருக்கிறீங்கள். வாசிக்கேக்க ஆரோ தம்பி, வீட்டில அப்பா "உனக்கேன் உந்த வேலை" எண்டு பேசிக்கொண்டு நிக்கிறார் எண்டுதான் எனக்குப் பட்டது, வயசில மூத்தவர் எண்டால் குறை நினைக்காதேங்கோ.

நான் மெக்கானிக் இல்லை, பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிறவன். கீழ வந்து "உயிரோட விளையாடாதை" எண்டு எழுதப்போற அண்ணைமாருக்கு முதலே சொல்லுறன், பிறேக் லைனும் டீசல் பம்பும் நான் கழட்டுறேல்ல. அதுக்குப் படிச்ச ஆக்கள் இருக்கினம், காசு குடுத்துத்தான் செய்விக்கிறன். மிச்சத்தைத்தான் சொல்ல வாறன்.

சூடேறுற கதைதான் எனக்குப் பட்ட இடம். என்ர ஹைலக்ஸ் 3எல் எண்ட மொடல் டீசல் எஞ்சின், அம்மாவின்ர ஆக்களின்ர வயலுக்குப் பசளை ஏத்திக்கொண்டு பரந்தனுக்குப் போவன், ஆனையிறவு தாண்டினவுடன சூடு காட்டுற ஊசி மேல ஏறும். அந்தப் பக்கம் ஏ9 றோட்டில ஒரு மேடும் இல்லை பள்ளமும் இல்லை, ஏன் ஏறுது? ஒரு கராஜில விட்டன், பேர் வேண்டாம். பொனற்றைத் திறந்து ஒரு நிமிசம் பார்த்திட்டு ஹெட் கஸ்கெற் (எஞ்சினுக்கும் அதின்ர மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில இருக்கிற தகடு) போட்டுது, ஹெட்டைக் கழட்டி கொழும்புக்கு அனுப்பிப் பிளேன் பண்ணி மட்டமாக்கவேணும், இவ்வளவு முடியும் எண்டு ஒரு தொகையைச் சொன்னவர். அந்தக் காசுக்கு இன்னொரு மோட்டர்சைக்கிள் எடுக்கலாம். கணக்குப் படிப்பிக்கிறவனுக்கு விடை மட்டும் சொன்னாக் காணாது, வழியும் காட்டவேணும். ஒண்டும் பேசாமல் வாகனத்தை வீட்டை கொண்டுவந்திட்டன்.

அடுத்தநாள் காலமை எஞ்சின் பச்சைத் தண்ணியாக் குளிர்ந்திருக்கேக்க ரேடியேற்றர் மூடியைத் திறந்துவைச்சு ஸ்ராட் எடுத்தன். ஹெட் கஸ்கெற் போனா பெரும்பாலும் தண்ணிக்குள்ள தொடர்ந்து குமிழி வரும், ஒண்டையும் காணேல்ல. ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தன், பால் கலந்த நிறம் இல்லை. சைலன்சரில வெள்ளைப் புகையும் இல்லை. பேந்து மூடியைப் பூட்டி நல்லாச் சூடாக விட்டு, எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு (ஃபான் சுத்தேக்க கையை விடாதேங்கோ, சத்தியமாச் சொல்லுறன்) ரேடியேற்றரின்ர முகத்தில கையை மெல்ல வைச்சுத் தடவினன். மேல சுடுது, நடுவில ஒரு சாண் அளவு சும்மா வெதுவெதுப்பு, கீழ ஒரு மூலை குளிர். சுடுதண்ணி அதுக்குள்ளால போகேல்ல எண்டதுக்கு அதைவிட என்ன சாட்சி வேணும்?

ரெண்டு ஹோஸ், ஃபானைச் சுத்தியிருக்கிற கவர், பிடிச்சிருக்கிற போல்ற் எல்லாம் கழட்டினா ரேடியேற்றர் கையோட வரும். மனுவல் கியர் எண்டபடியா ஓட்டோ கியரில வாற ஒயில் பைப்பும் இல்லை. பழைய பித்தளை ரேடியேற்றர், அதால ஈயத்தை உருக்கி மேல் ராங்கைக் கழட்டலாம், இப்ப வாற பிளாஸ்ரிக் ராங்குகளில அந்தக் கதை இல்லை. ரேடியேற்றர் திருத்துற ஐயாவிட்ட குடுத்து அவர் கழட்டேக்க பக்கத்திலயே நிண்டு பார்த்தன். வரிசையா தட்டைக் குழாய்களின்ர வாய், பாதிக்கு மேல வெள்ளையா அடைச்சுக்கிடக்கு, நகத்தால சுரண்டக் கேத்திலுக்கடியில பிடிக்கிற அதே சுண்ணாம்பு. பிடிக்காமல் என்ன செய்யும், யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேலதான் இருக்கு, அதுக்குள்ளால வாற கிணத்துத் தண்ணியைத்தான் முந்தி வைச்சிருந்த ஆக்கள் குறையக் குறைய ஊத்தியிருக்கினம். ஐயா மெல்லிய தகடு ஒண்டை ஒவ்வொரு குழாய்க்குள்ளயும் விட்டுவிட்டு இழுத்தவர், நான் எஞ்சினுக்குள்ள தண்ணி ஓடுற வழியை ஹோஸ் பிடிச்சுக் கழுவினன். ஹெட்டை ஒருத்தரும் தொடேல்ல. இப்ப பசளை ஏத்திக்கொண்டு நடு மத்தியானம் போனாலும் ஊசி பாதிக்கு மேல போகாது.

அதால கிணத்துத் தண்ணி ஊத்தாதேங்கோ. கூலன்ற், அதோட கலக்கக் காய்ச்சி வடிச்ச தண்ணி. அவசரத்துக்கு மழைத்தண்ணியைச் சுத்தமாப் பிடிச்சு ஒரு போத்தல் வாகனத்தில வைச்சிருக்கலாம். சூடேறுது எண்டு தேர்மொஸ்ராற்றை (எஞ்சின் சூடான பிறகு தண்ணியை ரேடியேற்றருக்குத் திறந்துவிடுற வால்வ்) கழட்டி எறியிற பழக்கமும் இங்க இருக்கு, அது வேண்டாம், எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் டீசலைத்தான் குடிக்கும். சட்டியில தண்ணி கொதிக்கவைச்சு உள்ள போட்டுப் பாருங்கோ, திறந்தா நல்லது, திறக்காட்டி புதுசு. மனுசியின்ர சமையல் சட்டி வேண்டாம்.

கராஜ்காரர் எல்லாரும் கள்ளர் எண்டு நான் சொல்லேல்ல. பெற்றோல் வராத 90களில மண்ணெண்ணெயில ஓஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஓடவைச்ச மெக்கானிக்மார் இருந்த ஊர் இது, கார்பரேற்றருக்குள்ள பெற்றோல் கொஞ்சம் விட்டு ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெய்க்கு மாத்தினவை. அப்பிடிப்பட்ட ஆக்களின்ர கையைப் பார்த்துத்தான் நான் பழகினது.

ஆனா எங்கட சனத்திட்ட ஒண்டு இருக்கு. தங்கச்சிக்குச் சம்மந்தம் பேசிக்கொண்டிருந்த காலம், ஒரு பகுதியார் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை வந்திறங்கினவை, நான் பிக்கப்புக்குக் கீழ இருந்து கையெல்லாம் ஒயிலோட எழும்பி வாறன். "தமையன் கராஜிலயோ வேலை?" எண்டு அந்த மாமி கேட்ட கேள்வியும் முகம் போன போக்கும். படிப்பிக்கிறன் எண்டு அம்மா அவசரப்பட்டுச் சொன்னதுதான் எனக்குக் கூடப் பத்தினது. மாப்பிள்ளையின்ர பெரியப்பா லண்டனில கராஜ் வைச்சிருக்கிறார் எண்டு அரைமணித்தியாலம் பெருமை பேசிப்போட்டுத்தான் போனவை. சரி, அது சரிவரேல்ல, தங்கச்சி இப்ப நல்லாத்தான் இருக்கிறா, விடுவம்.

கீழ படுக்கிறது எண்டால் ஜக்கை மட்டும் நம்பிப் படுக்காதேங்கோ. சீமெந்துக் கல்லும் வைக்காதேங்கோ, வளவில கிடக்குது எண்டு எல்லாரும் அதைத்தான் உருட்டிக்கொண்டு வருவினம், பாரம் ஏறினா சொல்லாமல் வெடிச்சு உதிர்ந்துபோம். வாகனத்தைத் தாங்கிற இரும்பு ஸ்ராண்ட் வாங்குங்கோ, இல்லாட்டி நல்ல வைரம் பாஞ்ச அகலமான பனங்குத்தி.

படுத்தா முதல்ல சேஸியை, அதுதான் அடிச்சட்டத்தை, பாருங்கோ. பண்ணைப் பாலத்தால வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் ஓடின வாகனம் எண்டால் எஞ்சினை விடச் சேஸிதான் முந்திப் போகும், உப்புக்காத்து. சின்னச் சுத்தியலால தட்டிக்கொண்டு போங்கோ, கணீர் எண்டு கேட்டா இரும்பு இருக்கு, பொத்து எண்டு கேட்டா உள்ள கறள் தின்டிட்டுது. கழிச்ச ஒயிலை அடியில பூசுற ஆக்கள் இருக்கினம், பூசினாலும் றபர் புஷ்ஷிலயும் பிறேக் ஹோஸிலயும் படவிடாதேங்கோ, ஊதிக் கெட்டுப்போம். மிச்ச ஒயிலை வளவில மட்டும் ஊத்தாதேங்கோ, சுன்னாகத்துப் பக்கம் கிணறுகளில எண்ணெய் வந்து சனம் பட்ட பாடு காணும்.

ரைமிங் பெல்ட்டை (வால்வுகளைப் பிஸ்ரனோட நேரம் பார்த்துத் திறந்து மூடவைக்கிற பெல்ட்) மாமா எப்ப மாத்தினவர் எண்டு தெரியாட்டி இப்பவே மாத்துங்கோ. என்ர மாதிரி 3எல் எண்டால் ஒரு லட்சம் கிலோமீற்றரில டாஷ்போட்டில ரீ-பெல்ட் எண்டு லைற் எரியும், ஆனா பெல்ட்டை மாத்தாமலே அதை அணைச்சு விடலாம், அதால லைற் எரியேல்ல எண்டு நம்பி இருக்கேலாது. அறுந்தா வால்வ் பிஸ்ரனில அடிச்சு வளையும், பிறகு உண்மையாவே ஹெட் கழட்டவேணும்.

காலமை ஸ்ராட்டுக்கு: ஊர் வெக்கைக்கு ஹீட்டர் பிளக் (ஸ்ராட் எடுக்க முதல் எஞ்சினுக்குள்ள சூடு குடுக்கிறது) என்னத்துக்கு எண்டு சிலர் சொல்லுவினம், இந்த எஞ்சினுகளுக்கு இங்கயும் வேணும். நாலு பிளக்கையும் இணைக்கிற தகட்டைக் கழட்டிப்போட்டு, 12 வோல்ற் பல்ப்பின்ர ஒரு வயரைப் பற்றறி பொசிற்றிவ்வில பிடிச்சு மற்றதை ஒவ்வொரு பிளக்கின்ர தலையிலயும் தொட்டுப் பாருங்கோ. பல்ப் எரியாத பிளக் செத்தது. ஒண்டு செத்திருந்தா நாலையும் மாத்துங்கோ, மற்றதுகளும் அதே வயசுதான். நாலுக்கும் பல்ப் எரிஞ்சா பிளக்குகளுக்குக் கரண்ட் விடுற ரிலேயைப் பாருங்கோ, அதுவும் சரியெண்டால் டீசல் ஃபில்ரருக்கு மேல இருக்கிற கைப்பம்பை அமத்திப் பாருங்கோ. இறுகாமல் தொளதொள எண்டு போனா எங்கயோ காத்து இழுக்குது, ராங்கில இருந்து வாற றபர் பைப்பின்ர கிளிப்பில இருந்து தேடத் தொடங்குங்கோ.