'ஃப்ரூ வேனர்' என்பது என்ன கருவி? தமிழில் அதை எப்படிச் சொல்லலாம்?

பழைய சுரங்கப் பொறியியல் நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருவதாகவும், அதில் திரும்பத் திரும்ப வரும் 'ஃப்ரூ வேனர்' என்ற சொல்லுக்கு அகராதியில் பொருள் கிடைக்கவில்லை என்றும், அது தாது ஏற்றும் வண்டியாக இருக்குமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். வண்டி அன்று. மாவுபோல் இடித்த தாதுவிலிருந்து கனமான கனிமத்தை நீரின் துணையால் பிரித்தெடுக்கும் இயந்திரம் அது.

ஃப்ரூ என்பது ஆள் பெயர். கனடாவின் சுப்பீரியர் ஏரியில் சில்வர் ஐலெட் என்ற சின்னஞ்சிறு பாறைத் திட்டில் இருந்த வெள்ளிச் சுரங்கத்தை நடத்திய வில்லியம் பெல் ஃப்ரூ, 1870களில் இதை உருவாக்கினார். 'வேனர்' என்பதன் வேர், தானியம் புடைக்கும் முறத்தைக் குறிக்கும் 'வன்னுஸ்' என்ற லத்தீன் சொல். ஆகவே பெயரளவில் இது நம் வீட்டு முறத்தின் உறவுதான்.

ஏறத்தாழ 4 அடி அகலமும் 12 அடி நீளமும் உள்ள ஒரு சட்டத்தின்மேல், ஓரங்கள் சற்றே உயர்ந்த ரப்பர் பட்டை ஒன்று முடிவில்லாமல் சுற்றி வரும். சட்டம் சில அங்குலம் சரிந்திருக்கும். பட்டையோ அச்சரிவில் மேல்நோக்கி மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். தாதுக் குழம்பை மேல்முனைக்குச் சற்றுக் கீழே விடுவார்கள். மேல்முனையில் தெளிந்த நீர் மெல்லிய படலமாக இறங்கும். இவற்றோடு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 முறை சட்டம் பக்கவாட்டில் ஓர் அங்குல அளவுக்கு அசையும். இந்த இயந்திரத்தின் உயிர் அந்த அசைவில்தான் இருக்கிறது என்பேன். அசைவு இல்லையென்றால் பொடி முழுவதும் இறுகிப் படிந்துவிடும். அசைவதால் படிவு நெகிழ்ந்து, கனமான துகள் அடிக்கு இறங்கிப் பட்டையைப் பற்றிக்கொண்டு மேலே பயணம் செய்கிறது. மேலே மிதக்கும் இலேசான மணலை நீர் கீழே இழுத்துச் செல்கிறது. மேல்முனையைத் தாண்டிய பட்டை அடியிலுள்ள நீர்த்தொட்டியில் மூழ்கும்போது, ஒட்டிவந்த கனிமம் அதில் கழுவப்பட்டுத் தங்கிவிடும்.

சென்னைத் துறைமுகத்தில் இரும்புத்தாது கையாளப்பட்ட ஆண்டுகளில் தாது மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். ஆனால் இந்தத் தத்துவம் எனக்கு அங்கே விளங்கவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் குழாயடியில், அம்மா அரிசி அரிப்பதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவர் பாத்திரத்தைச் சாய்த்து, இடமும் வலமுமாக அலசி அலசி, அரிசியை நீரோடு அடுத்த பாத்திரத்துக்கு வழியவிடுவார். கடைசியில் அடியில் நாலைந்து கல் மட்டும் கிடக்கும். எண்ணூர்க் கடற்கரையில் அலை பின்வாங்கிய தடத்தில் கருமணல் கோடு கோடாகப் படிந்திருப்பதும் இதே கணக்குதான். வெள்ளை மணலான குவார்ட்ஸின் அடர்த்தி எண் 2.65, கருமணலில் உள்ள இல்மனைட்டுக்கு ஏறத்தாழ 4.7. அலை இலேசானதை எடுத்துக்கொண்டு கனமானதை விட்டுச்செல்கிறது.

தமிழாக்கத்துக்கு 'கொழிப்புப் பட்டை' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. புடைத்தல் என்றால் காற்று நினைவுக்கு வரும்; அரித்தல் என்றால் சல்லடை என்று எண்ணிவிடக்கூடும். கொழித்தல் என்ற சொல்லோ முறத்தை அசைத்துப் பிரிப்பதற்கும், அலை பொன்னையும் மணியையும் கரையில் ஒதுக்குவதற்கும் நம் இலக்கியத்தில் வழங்கிய சொல். அசைவு, நீர் இரண்டும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. முதல் இடத்தில் மட்டும் 'ஃப்ரூவின் கொழிப்புப் பட்டை' என்று எழுதி, ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள்.

நூலின் பிற்பகுதியில் 'வில்ஃப்ளி மேசை' என்று வந்தால் அதையும் இதையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். அது 1890களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஆர்தர் வில்ஃப்ளி அமைத்தது; அதில் ஊரும் பட்டை கிடையாது, வரிவரியான சட்டங்கள் பதித்த பலகை நீளவாட்டில் உதறும். பல ஆலைகளில் வேனரின் இடத்தைப் பிடித்தது அதுதான். அதற்கு 'உதறு மேசை' என்பதே போதும்.