2020 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிகளும் விளையாட்டுப் போட்டிகளும் ஒரே வாரத்தில் நின்றுபோனது ஏன்?

கொரோனா இளைஞர்களைப் பெரிதாகப் பாதிக்காதபோது கல்லூரிகளை ஏன் மூடினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை மாணவர்களைப் பற்றியது மட்டுமன்று. ஒரே குளியலறையையும் உணவுக்கூடத்தையும் பகிரும் விடுதி மாணவர்கள், வசந்தகால விடுமுறைக்கு ஊரூராகச் சென்று தொற்றோடு திரும்பினால், முதிய பேராசிரியர்களுக்கும் சமையல் பணியாளர்களுக்கும் அது பரவும் என்பதே கணக்கு. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் மார்ச் 9 முதல் வகுப்புகளை இணையவழிக்கு மாற்றியது. ஹார்வர்டோ ஐந்தே நாளில் விடுதியைக் காலி செய்யச் சொன்னது (வெளிநாட்டு மாணவர்களுக்கு இது கொடுமைதான்).

விளையாட்டில் திருப்பம் மார்ச் 11 இரவு வந்தது. ஓக்லஹோமா சிட்டியில் கூடைப்பந்து ஆட்டம் தொடங்கவிருந்த நேரத்தில் வீரர்கள் களத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். அதில் ஆடவிருந்த யூட்டா ஜாஸ் அணியின் வீரர் ஒருவருக்குத் தொற்று உறுதியானதால், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டிகளை நடத்தும் என்பிஏ அமைப்பு அந்தப் பருவத்தையே நிறுத்திவைத்தது. பார்வையாளர்கள் இன்றி நடத்துவதாக அன்றுதான் அறிவிக்கப்பட்டிருந்த கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரும், ஆண்கள் பிரிவில் 1939 முதல் ஆண்டுதோறும் நடந்துவந்ததாயினும், மறுநாளே ரத்தானது.